வார இறுதியில் எங்கே போகிறீர்கள்? நாங்கள் விமானத்தை விட்டு உள்ளூர் ரயிலுக்கு மாறிய கதை

கூடுதுறை:

ஜெர்மனியின் பான் நகரத்துக்கு நான் வந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. கணவர் எனக்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டார். முதல் ஆண்டு சனி, ஞாயிறுகளை நாங்கள் கழித்த விதத்தை நினைத்தால் இப்போதும் மூச்சு வாங்குகிறது. வெள்ளி மாலை அவர் அலுவலகத்திலிருந்து நேராக விமான நிலையத்துக்கு வந்துவிடுவார். சனி முழுக்க ஓட்டம். ஞாயிறு நள்ளிரவில் வீடு. சமையலறைச் சுவரில் ஐரோப்பா வரைபடத்தை மாட்டி, போன ஊருக்கெல்லாம் சிவப்பு ஊசி குத்தி வைத்தோம்.

பிராகின் சார்லஸ் பாலத்தில் 30 சிலைகள் இருக்கின்றன. அந்தப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு அடுத்த இடத்துக்கு எந்த டிராம் என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தோம். ஒரு சிலையின் முகம்கூட எனக்கு நினைவில்லை. பார்சிலோனாவிலிருந்து திரும்பும்போது, அதிகாலை ஐந்து மணிக்கு, எங்கள் பை அளவுக்கு மேல் பெரியது என்று கூடுதல் கட்டணம் கேட்டார்கள். அந்தப் பையை அடைத்தது யார் என்று தொடங்கிய சண்டை வீடு வந்து சேரும்வரை ஓயவில்லை. அன்று இரவு சாப்பிடாமலே படுத்தோம்.

அதன் பிறகு ஒரே ஒரு முடிவு எடுத்தோம். எங்கே போனாலும் இரவு நம் கட்டிலில்தான் தூங்க வேண்டும். கையில் டாய்ச்லாந்து டிக்கெட் இருந்தது, நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்களில் போக உதவும் மாதச் சந்தாச் சீட்டு. ரயில் போகிற தூரம் போவது, இருட்டுவதற்குள் திரும்புவது.

முதலில் போனது எல்ட்ஸ் கோட்டை. கோப்லென்ஸில் ரயில் மாறி மோசல்கெர்ன் என்ற சிற்றூரில் இறங்கினோம். எங்களோடு இறங்கியவர்கள் ஆறேழு பேர்தான். ஊரைத் தாண்டியதும் ஓடையை ஒட்டிக் காட்டுப்பாதை, ஒன்றரை மணி நேர நடை. கோட்டை கிட்டத்தட்டக் கடைசி வளைவுவரை கண்ணில் படாது. வளைவு திரும்பினால், ஓடை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓட, பாறையின் மேல் கோபுரம் கோபுரமாக எழுந்து நிற்கிறது. 850 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிற கோட்டை. யூரோ வருவதற்கு முன்பு 500 மார்க் நோட்டில் இதன் படம் இருந்தது.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். பக்கத்தில் இருந்த வயதான ஜெர்மன் தம்பதியர் வாசனை பிடித்துத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் என்னவென்று கேட்டார். சென்னையில் ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் தேர்வில் தேர்ச்சி பெற்றுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அதுவரை கடைக்காரரைத் தவிர ஒருவரிடமும் ஜெர்மன் பேசியதில்லை. சாவர், ஷார்ஃப், எர்ட்நுஸ் (புளிப்பு, காரம், வேர்க்கடலை) என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டு புளியோதரையை விளக்கினேன். அவர் உள்ளங்கையை நீட்டினார். நம் ஊரில் கோயில் பிரசாதம் வாங்குகிற மாதிரியே நீட்டினார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தன் கணவருக்கும் கொடுக்கச் சொன்னார். அரை மணி நேரம் பேசினோம். நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான் என்று சொல்வேன்.

இந்த ஒன்றரை ஆண்டில் நாங்கள் போன ஊர்களில் பலவற்றுக்கு அந்தச் சுவர் வரைபடத்தில் பெயரே இல்லை. கோப்லென்ஸில் மோசல் ஆறு ரைனோடு கலக்கும் முனையில் நின்றபோது எனக்குப் பவானி கூடுதுறை கண்முன் வந்தது. அவருக்கு அதைச் சொன்னேன். அப்பா கைபிடித்து என்னை முங்க வைத்த படித்துறையைப் பற்றிச் சொன்னேன். கல்யாணமாகி மூன்று ஆண்டுகளில் அதைச் சொல்ல நேரம் வாய்த்ததில்லை.

சரி, நீங்கள் வார இறுதியில் எங்கே போகிறீர்கள்? முக்கியமாக, இருவரும் சேர்ந்து எப்படி முடிவு செய்கிறீர்கள்?

சைக்கிள்காரன்:

நெதர்லாந்தின் எய்ந்தோவனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் எழுத்து பிடித்தது, கருத்தோடு உடன்பாடில்லை. எனக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம். முடிந்ததும் கோவைக்குத் திரும்ப வேண்டும். இன்னொரு முறை இவ்வளவு பக்கத்தில் இருந்து ரோமைப் பார்க்க எங்களுக்குக் கொடுத்து வைக்குமா தெரியாது. பக்கத்துக் கிராமத்தில் மனநிறைவு காணலாம் என்பது நீண்ட நாள் இருக்கப் போகிறவர்களின் பேச்சு.

ரோமில் பாந்தியன் கோயிலுக்குப் போன அன்று மழை. அதன் குவிமாடத்தின் விட்டம் 43 மீட்டருக்கு மேல். உச்சியில் வட்டமான திறப்பு, மேலே மூடி எதுவும் கிடையாது. மழை அப்படியே உள்ளே நேராக இறங்கிக்கொண்டிருந்தது. தரை நடுவில் லேசாக மேடு, நீர் வடிவதற்குப் பளிங்கில் சிறு துளைகள். என் மனைவி கட்டடப் பொறியாளர். முட்டி போட்டு அந்தத் துளைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக இந்தத் தண்ணீர் இப்படித்தான் போகிறது என்றாள். அவள் குரல் தழுதழுத்தது. அதை அருகிலிருந்து பார்த்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக நள்ளிரவு விமானம் எத்தனை வேண்டுமானாலும் ஏறுவேன்.

கூடுதுறை:

சைக்கிள்காரன், ரோமுக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாங்களும் போயிருக்கிறோம். ஒன்றரை நாளில் ஒன்பது இடம் பார்த்தோம். பாந்தியனில் பதினைந்து நிமிடம் இருந்திருப்போம். துளைகளை நான் பார்க்கவே இல்லை. உங்கள் மனைவி பார்த்தார்கள் என்றால், அவர்கள் முட்டி போடுகிறவரை நீங்கள் காத்திருந்தீர்கள், அதனால்தான். நான் கேட்பதும் அந்தக் காத்திருப்பைத்தான்.

தண்டவாளம்:

புதிதாக வந்தவர்கள் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். டாய்ச்லாந்து டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரி முதல் 63. மாதச் சந்தா, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், மறந்தால் இன்னொரு மாதப் பணம் போகும். ஐ.சி.இ., ஐ.சி. விரைவு ரயில்களில் செல்லாது. உங்கள் பெயரில் இருப்பது, மனைவிக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

லக்சம்பர்க் போகிறவர்களுக்கு: எல்லைவரை இந்த டிக்கெட் போதும். அதன் பிறகு அந்த நாட்டில் 2020 முதல் ரயில், பஸ், டிராம் எல்லாமே இலவசம், ரயிலில் இரண்டாம் வகுப்பு. பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் தரை எல்லைகள் அனைத்திலும் சோதனை நடத்துகிறது. திரும்பி வரும்போது ரயிலில் ஏறிக் கேட்பார்கள்.

ட்ரியரிலிருந்து பெர்ல் என்ற ஊருக்கு ரயில் இருக்கிறது. இறங்கி மோசல் பாலத்தைக் கடந்தால் ஷெங்கன். ஆமாம், நாமெல்லாம் கோப்பும் கையுமாக வரிசையில் நின்று வாங்கிய விசாவின் பெயர் ஒரு திராட்சைத் தோட்டக் கிராமத்தின் பெயர்தான். 1985 ஜூன் 14 அன்று ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் வைத்துத்தான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நானும் என் மனைவியும் அந்தக் கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் நாங்கள் போனதிலேயே அவளுக்கு மிகவும் பிடித்த இடம் அது.

கூடுதுறை:

தண்டவாளம், கோப்லென்ஸிலிருந்து லக்சம்பர்க் போகிறவர்களுக்கு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்லென்ஸில் ஒரே ரயிலாக நிற்கும். ட்ரியரில் இரண்டாகப் பிரிந்து, மாடி வைத்த பெட்டிகள் லக்சம்பர்க்குக்கும் மற்றவை ஸார்ப்ரூக்கன் பக்கமும் போகும். முதல் தடவை அறிவிப்பு எனக்குப் புரியவில்லை. ஜன்னலில் ஆறு தெரிகிறதே என்று நிம்மதியாக இருந்தோம். ஓடியது மோசல் இல்லை, ஸார் என்ற வேறோர் ஆறு.

பதறிப்போய் ஸார்பூர்க் என்ற ஊரில் இறங்கினோம். அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்ததால் கடைவீதிவரை நடந்தோம். ஊருக்கு நடுவே, வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் இடையில், ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்திலிருந்து ஓர் அருவி விழுகிறது! இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். அவர் என் தோளைத் தொட்டு, 'இன்றைக்கு லக்சம்பர்க் வேண்டாம்' என்றார். பார்சிலோனாவில் பைக்காகச் சண்டை போட்ட அதே இருவர்தான் நாங்கள். தவறான ரயில் ஏறியதற்காக ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

மூவரானோம்:

நாங்களும் பான் பக்கம்தான். மகளுக்கு இரண்டு வயது. குழந்தை பிறந்தால் ஊர் சுற்றுவது முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். முடியவில்லை, சுருங்கிவிட்டது. ஆறு வயது ஆகும்வரை குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம். தள்ளுவண்டியோடு போகிறவர்களுக்கு நிலையத்தில் லிஃப்ட் வேலை செய்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கிளம்பும் முன் கைபேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நாங்கள் தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினோம்.

எங்கள் வழக்கமான சுற்று: ரோலாண்ட்ஸெக் நிலையத்தில் இறங்குவது, ரைனைப் படகில் கடந்து பாட் ஹொனஃப் போவது, அங்கிருந்து 66ஆம் எண் டிராமில் வீடு. படகுக்கு மட்டும் தனிக் காசு. ஆற்றைக் கடக்கச் சில நிமிடங்களே ஆகும். எங்கள் மகளுக்கு அதுதான் உலகப் பயணம். படகு கரையை விட்டதும் கை தட்டுவாள், கரை வந்ததும் அழுவாள். மூன்று தடவை அதே படகில் போய் வந்த நாளும் உண்டு. முன்பு நாங்கள் லிஸ்பன் போன படங்களை எடுத்துப் பார்ப்பதே இல்லை. இந்தப் படகுப் படங்களைத்தான் தினமும் பார்க்கிறோம்.

இரவுப்பணி:

எல்லோரும் சனி, ஞாயிறு என்று எழுதுகிறீர்கள். நான் செவிலியர், ஃப்ரைபுர்க் நகரத்தில் இருக்கிறேன். எனக்கு வாரக் கடைசி என்பது பணிப்பட்டியலில் எந்த நாள் வெள்ளையாக இருக்கிறதோ அந்த நாள். பெரும்பாலும் செவ்வாய். கணவர் வந்து எட்டு மாதம் ஆகிறது, மொழி வகுப்புக்குப் போகிறார். அவருடைய விடுமுறை நாள் என் வேலை நாளாக இருக்கும்.

ஆனாலும் போகிறோம். இரவுப் பணி முடிந்து காலையில் நேராக நிலையத்துக்கு வந்துவிடுவேன். அவர் பிளாஸ்க்கில் காபியோடு நிற்பார். டிட்டிஸே ஏரிக்குப் போகும் ரயில் ஹோலென்டால் பள்ளத்தாக்கில் ஏறும். 1887இல் போட்ட பாதை, ஜெர்மனியின் மிகச் செங்குத்தான பாதைகளில் ஒன்று. இருபுறமும் பாறையும் காடுமாக அவ்வளவு அழகு என்று அவர் சொல்வார். நான் பார்த்ததில்லை. ரயில் நகர்ந்ததுமே அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவேன். முக்கால் மணி நேரத்தில் எழுப்புவார். ஏரிக்கரையில் உட்கார்ந்து, நான் தூங்கும்போது வழியில் என்னென்ன வந்தது என்று வரிசையாகச் சொல்வார். எங்கள் பயணம் இதுதான். வாரநாளில் போவதால் கூட்டமே இருக்காது. அருங்காட்சியகம் போகிறவர்கள் மட்டும் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பல இடங்களில் மூடியிருக்கும்.

பனங்கூடல்:

பிள்ளைகள் எழுதுவதை எல்லாம் வாசித்தேன். எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

நான் 1985இல் ஜேர்மனிக்கு வந்தவன். கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்குக்கு வந்த பலரில் நானும் ஒருவன். ஸவர்லான்ட் மலைப்பகுதியில் ஒரு சிறிய ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை தங்கியிருக்கும் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது 1982இல் இருந்து சட்டம். தாண்ட வேண்டுமென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும். என் மச்சான் டோர்ட்முண்டில் இருந்தார். புகையிரதத்தில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அவருடைய தாயார், எனக்கு மாமி, ஊரில் காலமான செய்தி வந்த அன்று எனக்குக் கடிதம் கிடைக்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் போனேன்.

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் மாவட்டத்தின் கடைசி நிலையம்வரை புகையிரதத்தில் போவேன். இறங்கி, மேடையின் நுனியில் இருக்கும் பெயர்ப்பலகைவரை நடப்பேன். தண்டவாளம் வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு எதிர்ப் புகையிரதத்தில் திரும்பிவிடுவேன். இதை வருடக்கணக்காகச் செய்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

1992இல் அங்கீகாரம் கிடைத்தது. 1994இல் என் மனைவி வந்து சேர்ந்தார். நிச்சயம் செய்து எட்டு வருடம் கடிதத்திலேயே பேசியவர்கள் நாங்கள். அவர் வந்த அடுத்த ஞாயிறு இருவரும் டோர்ட்முண்டுக்குப் புறப்பட்டோம். அந்தக் கடைசி நிலையத்தில் புகையிரதம் நின்றது. கதவு மூடியது, நகர்ந்தது. பெயர்ப்பலகை ஜன்னலைத் தாண்டியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழும்பினீர்கள், இறங்கும் இடமா என்று மனைவி கேட்டார். இல்லை, இருங்கோ என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் முழுக்கதையும் சொன்னேன்.

அடுத்த வருடம் ஒரு வார இறுதிப் பயணச்சீட்டு வந்தது. 15 மார்க், ஐந்து பேர், சனியும் ஞாயிறும் நாடு முழுக்க எந்தச் சாதாரணப் புகையிரதத்திலும் போகலாம். அந்தச் சீட்டில் நாங்களும் இரண்டு சிநேகிதர்களும் ஹம்புர்க் துறைமுகம்வரை போய் வந்தோம். போக எட்டு மணித்தியாலம், வர எட்டு மணித்தியாலம். ஒரு சட்டி இடியப்பமும் சம்பலும் கொண்டுபோனோம். 2019இல் அந்தச் சீட்டை நிறுத்தியபோது மனைவி கவலைப்பட்டார். இப்போது இருவரும் ஓய்வில் இருக்கிறோம். இருவரிடமும் நீங்கள் சொல்லும் டிக்கெட் இருக்கிறது. ஜன்னல் பக்கம் எப்போதும் எனக்குத்தான். அவர் கேட்டதே இல்லை.

இப்போது சட்டம் தளர்ந்துவிட்டது என்று அறிகிறேன். நல்லது. பிள்ளைகளே, ரோமுக்கும் போங்கள், பக்கத்து ஊருக்கும் போங்கள். போக வேண்டும்.

இரவுப்பணி:

ஐயா, பணிக்கு நடுவே படித்தேன். உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சைக்கிள்காரன்:

ஐயா, நான் மேலே 'கொடுத்து வைக்குமா' என்று எழுதியிருந்தேன். எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம் என்கிற குடியிருப்பு அட்டையைப் பணப்பையில் வைத்துக்கொண்டு அதை எழுதினேன். என் மனைவிக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். இந்த மாதக் கடைசியில் ஒரு விமானப் பயணம் முன்பதிவு செய்திருந்தோம். அதற்குப் போகத்தான் போகிறோம். ஆனால் அதற்கு முன்பு, இரண்டு ஆண்டாக எங்கள் பால்கனியிலிருந்து தெரிகிற கால்வாய் எங்கே போய் முடிகிறது என்று இந்தச் சனிக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்க்கலாம் என்று அவள் சொல்கிறாள்.

மூவரானோம்:

முடிந்த இடத்தை இங்கே எழுதுங்கள், சைக்கிள்காரன். படகு இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

கூடுதுறை:

பனங்கூடல் ஐயாவுக்கு. உங்கள் பதிவை வெள்ளி இரவு அவருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை, அவர் வாங்கி மீதியை வாசித்தார். ஞாயிறு எங்கே போவது என்ற பேச்சே எழவில்லை. டோர்ட்முண்ட் போய், அங்கிருந்து ஸவர்லான்ட் பக்கம் போகும் ரயிலில் ஆர்ன்ஸ்பெர்க்வரை போய் வந்தோம். உங்கள் ஊர் எது, அந்தக் கடைசி நிலையம் எது என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் வழியில் எல்லா நிலையத்திலும் ஜன்னல் வழியே பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே போனேன். இதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ என்று. ரூர் ஆறு கூடவே வந்தது. ஒரு நிலையத்தில் மேடையின் நுனியில் ஒரு முதியவர் தனியாக நின்றிருந்தார். யாரையோ எதிர்பார்த்து நின்றிருப்பார். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது ரயிலில் ஓர் அறிவிப்பு வந்தது, மாற்று மேடை பற்றி. எனக்கு முதல் தடவையிலேயே முழுதாகப் புரிந்தது. பின் இருக்கையில் புதிதாக வந்த ஒரு குடும்பம் விழித்துக்கொண்டிருந்தது. அவர்களையும் கூட்டிக்கொண்டு இறங்கி, சரியான மேடையில் கொண்டுபோய் விட்டேன்.

பனங்கூடல்:

பிள்ளை, நீங்கள் பார்த்த நிலையங்களில் ஒன்றுதான். பலகையை எப்போதோ மாற்றிவிட்டார்கள். என் மனைவியும் உங்கள் பதிவை வாசித்தார். கோடையில் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு உங்கள் இருவரையும் அழைக்கச் சொன்னார். ஹம் நகரத்தின் ஊன்ட்ரொப் பகுதியில், தொழிற்சாலைகளுக்கு நடுவே 17 மீட்டர்க் கோபுரத்தோடு நிற்கிறது, 2002இல் திறந்த கோயில். டோர்ட்முண்டில் இருந்து ஹம் பக்கம்தான், நிலையத்தில் இருந்து பேருந்து. அடுத்த நாள் கால்வாயில் தீர்த்தம்.

கூடுதுறை:

கட்டாயம் வருகிறோம் ஐயா. அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், புளியோதரை கொண்டுவரலாமா, அன்னதானத்துக்கே விட்டுவிடலாமா?

பனங்கூடல்:

கொண்டுவரட்டாம். காரத்தைக் குறைக்க வேண்டாமாம்.